லூர்து மேரி எழுதிய வாக்கியம்

1898 நவம்பர் 8, செவ்வாய்

உடம்பெல்லாம் வலி. படுத்தும் தூக்கம் வரவில்லை.

இன்று வகுப்பில் 'வானிஷ்' என்ற இங்கிலீஷ் சொல்லைச் சொல்லிக்கொடுத்தேன். சுவடே இல்லாமல் மறைந்துபோவது என்றேன். வெறுமையைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது என்றும் சொல்லிவைத்தேன். பிள்ளைகள் விழித்தார்கள். அல்சூர் சந்தையில் வித்தைக்காரன் கையில் இருக்கும் காசு வானிஷ் ஆகுமே, அதுதான் என்றதும் புரிந்துகொண்டு சிரித்தார்கள்.

சிலேட்டில் ஆளுக்கொரு வாக்கியம் எழுதச் சொன்னேன். லூர்து மேரி தன் அம்மா வானிஷ் ஆனாள் என்று எழுதியிருந்தாள். போன மாதம் அவளுடைய அம்மாவைப் பிளேக் கூடாரத்துக்கு வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அங்கேயே இறந்தாள், அங்கேயே புதைத்தார்கள். பிள்ளையைக் கிட்டே விடவில்லை.

நான் அந்தச் சொல்லை அடித்துவிட்டு, இறந்தாள் என்று இங்கிலீஷில் எழுதினேன்.

"மனுஷங்களுக்கு இப்படித்தான் எழுதணும்."

அவள் எச்சில் தொட்டு அதை அழித்துவிட்டு, பழைய சொல்லையே மறுபடி எழுதினாள்.

"ஏன்டி?"

"அந்தக் காசு அப்புறம் அவன் காதுக்குப் பின்னாலேர்ந்து வந்துச்சே, டீச்சரம்மா."

சரி என்று குறி போட்டு சிலேட்டைத் திருப்பிக் கொடுத்தேன். வேறு என்ன செய்ய.