மூன்றரை மணி வித்தியாசம்

7 செப்டம்பர் 2025, ஞாயிறு

எங்கள் கணினிக் குழுவின் இந்த மாதக் கூட்டத்துக்குப் பதினோரு பேர். பேச வேண்டியவர் கால் மணி நேரம் முன்னால் போன் செய்து, "வீட்ல விசேஷம் மேடம்" என்றார். ஊரில் இத்தனை விசேஷம் நடக்கிறது என்பதே நான் கூட்டம் போட ஆரம்பித்த பிறகுதான் தெரிந்தது. கையில் இருந்ததை வைத்து நானே ஒப்பேற்றினேன்.

முடிந்து நாற்காலிகளை அடுக்கும்போது பிரிஸ்கில்லா கேட்டாள். காலாப்பட்டில் படிக்கிறவள், ஒரு மாதம் தவறாமல் வருகிறவள். "அக்கா, பஸ் செயலி எழுதின ஆனந்த் அண்ணனை ஒரு தடவ பேசச் சொல்லுங்களேன்." பார்க்கலாம் என்றேன், ஏதோ டீ குடிக்கலாமா என்று கேட்டதுபோல. அவள் போன பிறகும் அந்தப் பெயர் காதிலேயே இருந்தது.

9 செப்டம்பர்

ஜோசப் ஆனந்த் பிரான்சுக்குப் போய் வரும் அக்டோபரோடு இரண்டு வருடம். அவன் அப்பாவுக்கு இருந்த பிரெஞ்சுக் குடியுரிமை அவனுக்கும் வந்தது. "ரெண்டே வருஷம், குழலி" என்றுதான் போனான்.

குழுவை ஆரம்பித்தது நாங்கள் இருவரும். செயலியும் இருவர் எழுதியது. ஒரு கோடை முழுக்க நிறுத்தம் நிறுத்தமாக நின்று எந்தப் பேருந்து எத்தனை மணிக்கு வருகிறது என்று நோட்டில் குறித்தோம். யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், திருத்தலாம். ஆனால் பொறுப்பாளர் பட்டியலில் இரண்டே பெயர்கள்.

நான் வேலை பார்க்கும் சேதராப்பட்டுக் கம்பெனியில் பன்னிரண்டரைக்குச் சாப்பாட்டு மணி அடித்தால், அவனுக்கு ஒன்பது, ஆபீசுக்குள் நுழைவான் என்று நினைத்துக்கொள்வேன். மூன்றரையைக் கழிப்பது எனக்கு மூச்சு விடுவது மாதிரி ஆகிவிட்டது.

14 செப்டம்பர்

அவனுக்கு மடல். நான்கு முறை எழுதி அழித்தேன். கடைசியில் போனது இதுதான்: அக்டோபர் 26 ஞாயிறு, வீடியோவில் பேச முடியுமா, பஸ் செயலி பற்றி, இருபது நிமிடம்.

எப்போது வருகிறாய் என்ற வரியை மட்டும் நான்கு முறையும் எழுதினேன். நான்கு முறையும் அழித்தேன்.

15 செப்டம்பர்

பதில் வந்தது. "கண்டிப்பா பேசறேன். உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். அன்னிக்கே சொல்றேன்."

என்ன சொல்ல வேண்டும்?

21 செப்டம்பர்

அம்மா மறுபடி ஜாதகத்தை எடுத்தாள். அக்டோபர் முடியட்டும் என்றேன். "அக்டோபர்ல என்னாடி இருக்கு?" என்றாள்.

திரும்பி வருகிறேன் என்று சொல்லப் போகிறான். வேறென்ன? அதற்குத்தான் நேரில் பேசுவதுபோல முகம் பார்த்துச் சொல்ல நினைக்கிறான். எழுதிவிட்டேன், இனி அழிக்க மாட்டேன்.

12 அக்டோபர்

அறிவிப்பு போட்டாயிற்று: உப்பளம், லூர்துசெல்வி டீச்சரின் டியூஷன் மாடி, மாலை நான்கு. டீச்சருக்கு ஐந்து மணிக்கு வகுப்பு, அதற்குள் காலி செய்ய வேண்டும்.

"என் ஊர் டைம் மட்டும் சொல்லு, போதும்" என்று ஆனந்த் கேட்டான். பன்னிரண்டரை என்று உடனே அனுப்பினேன். யோசிக்கவே இல்லை.

20 அக்டோபர்

தீபாவளி. நல்ல மழை. இன்னும் ஆறு நாள்.

26 அக்டோபர், ஞாயிறு

இருபத்திரண்டு பேர் வந்தார்கள். மஞ்சள் புடவை கட்டியிருந்தேன். பிரிஸ்கில்லா மட்டும் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

நான்கு மணி. திரையில் ஆள் இல்லை. நாலே கால். போன் அடித்தேன், எடுக்கவில்லை. நாலரைக்கு யாரோ கொட்டாவி விட்டார்கள். பிரிஸ்கில்லா பாவம், தானாக எழுந்து தன் கல்லூரி வேலையைப் பற்றிப் பேசிச் சமாளித்தாள். ஐந்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது எல்லோரும் டீக்கடைக்கு இறங்கிப் போனார்கள். நான் மட்டும் ஒயர்களைச் சுற்றிக்கொண்டிருந்தேன்.

சரியாக ஐந்துக்கு அவன் முகம். இஸ்திரி போட்ட சட்டை, கொஞ்சம் சதை போட்டிருக்கிறான்.

"என்னா குழலி, யாரையும் காணோம்?"

"ஒரு மணி நேரம் லேட்டு நீ."

"இல்லியே, பன்னண்டரைன்னுதான சொன்ன? இப்பதான் பூசை முடிஞ்சி வரேன், போனைக்கூட இன்னும் பாக்கல." பிறகு அவனுக்கே உறைத்துச் சிரித்தான். "குளிர்காலம்னு இன்னிக்கு விடியகாலைல இங்க கடிகாரத்தை ஒரு மணி பின்னால வெச்சிட்டாங்க, இப்ப வித்தியாசம் நாலரை. வருஷா வருஷம் அக்டோபர் கடைசி ஞாயிறு. மறந்துட்டியா?"

வெளியூர் நேரத்தை யாரும் மனக்கணக்காகப் போடாதீர்கள், கணினியிடம் விடுங்கள் என்று இதே மாடியில் போன வருடம் வகுப்பெடுத்தவள் நான். ஊருக்குத்தான் உபதேசம்.

"சொல்லணும்னேனே" என்று ஆரம்பித்தான். வேலை நிரந்தரமாகிவிட்டதாம். அம்மாவையும் அங்கே அழைத்துக்கொள்ளப் போகிறானாம். "இனிமே அங்க வர மாட்டேன், குழலி. பொறுப்பாளர் லிஸ்ட்ல என் பேரை எடுத்துடறியா? ஊர்ல இல்லாம பஸ் டைம் பாத்து நான் என்னா பண்றது?"

"நீயே எடுத்துக்கலாமே."

"உன்னக் கேக்காம எடுக்க மனசு வரல."

எடுத்துவிடுகிறேன் என்றேன். டீச்சர் வாசலில் நின்று, "பசங்க வந்துட்டாங்கம்மா, முடிச்சிக்க" என்றார். முடித்துக்கொண்டேன்.

27 அக்டோபர்

லீவு போட்டேன். எடுத்துடறேன்னு ஏன் சொன்னேன்? முடியாது போடான்னு சொல்லியிருக்கணும். எனக்கு நீ வேணும்டான்னு சொல்லியிருக்கணும் — அந்த ஒரு மணி நேரம் மாடி நிறைய ஆள் இருந்துச்சு, அப்புறம் ஒருத்தரும் இல்ல, அப்பவும் வாய் வரலியே.

அவன் எந்த வாக்கும் கொடுக்கவில்லை. அதுதான் ஆத்திரமாக இருக்கிறது. யாரைத் திட்டுவது?

3 நவம்பர்

இன்னும் எடுக்கவில்லை. அவனும் கேட்கவில்லை.

8 நவம்பர்

மாலை 5.40 காலாப்பட்டுப் பேருந்து இப்போது 5.55-க்குத்தான் புறப்படுகிறது என்று பிரிஸ்கில்லா திருத்தம் அனுப்பியிருந்தாள். செயலிக்கு வரும் திருத்தம் பொறுப்பாளர் இருவருக்குமே மடலாகப் போகும். அவன் அங்கே அதைத் திறந்து பார்த்திருப்பானா என்று மதியம் வரை யோசித்தேன். எனக்கே என்மேல் அலுப்பாக இருந்தது.

9 நவம்பர், ஞாயிறு

காலையில் டிசம்பர் கூட்டத்துக்கு இரண்டு பேரிடம் பேசி வைத்தேன். இருவர் வீட்டிலும் விசேஷம் எதுவும் இல்லையாம், எழுதி வாங்காத குறைதான்.

பிறகு பட்டியலைத் திறந்து அவன் பெயரை எடுத்தேன். எந்த மாற்றம் செய்தாலும் ஏன் என்று ஒரு வரி எழுத வேண்டும், அது நாங்கள் போட்ட விதி. "ஊரில் இல்லை" என்று எழுதினேன். இரண்டு வருடமாகவே ஊரில் இல்லை, அதற்காக எடுத்துவிடவில்லையே. அழித்துவிட்டு, "அவரே கேட்டுக்கொண்டார்" என்று எழுதிச் சேமித்தேன்.

அடுத்து பிரிஸ்கில்லாவின் 5.55-ஐ ஏற்றினேன். மடல் எனக்கு மட்டும் வந்தது. இனி காலாப்பட்டுப் பேருந்தின் நேரம் மாறினால் அவனுக்குத் தெரியாது.