அம்மா அலசிவிட்ட விரிப்பு

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நான் நலம். அம்மா முக்கால்வாசி நலம். மீதிக் கால்வாசி வலது கைக் கட்டுக்குள் இருக்கிறது. போனில் பேசினால் பக்கத்திலிருந்து பிடுங்கிக்கொள்வாள் என்றுதான் இந்தக் கடிதம்.

உன்னிடம் "சின்னக் கீறல்தான்" என்று சொல்லியிருப்பாள். நம்பாதே, உள்ளங்கை முழுக்கத் தையல். ஓட்டல் சலவைக்கூடத்தில் அவளும் அவளோடு வேலை செய்கிற பெண்ணும் ஈர விரிப்பை ஆளுக்கொரு முனையாகப் பிடித்து உதறிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெண் வேண்டாமென்று விட்டு வந்த கணவன், கத்தியோடு நேரே அவளைப் பார்த்து வந்தான். மற்றவர்கள் எல்லோரும் வெளியே ஓடினார்கள். உன் அம்மா ஓடவில்லை. கையிலிருந்த விரிப்பை அவன் தலையில் போட்டு, சுற்றி, கீழே தள்ளி, மேலேயே உட்கார்ந்துவிட்டாள்! விரிப்போடு சேர்த்துக் கத்தியைப் பிடித்து அமுக்கியதில்தான் உள்ளங்கை கிழிந்திருக்கிறது. அப்படியும் வாட்ச்மேன் வரும்வரை எழுந்திருக்கவில்லை. நான் ஒரு சத்தம் போட்டால் சமையலறைக்குள் போய் மூக்கைச் சிந்துகிறவள் இவள்தானா என்று மலைத்துப்போனேன். இத்தனை வருஷமாக ஒரு பெண்புலியோடு குடித்தனம் நடத்தியிருக்கிறேன், எனக்கே தெரியாது.

ஆனால் பழக்க தோஷம் விடுமா? ரத்தக் கறை காய்ந்தால் போகாது என்று, போலீஸ் வருவதற்குள் அந்த விரிப்பைப் பச்சைத் தண்ணீரில் முக்கி, இடது கையாலேயே பளிச்சென்று அலசிவிட்டாள். இன்ஸ்பெக்டர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். "ஏம்மா, அதுதானே சாட்சியம்!" என்றாராம். "கறையோட எப்படி சார் விட்டுட்டு வர்றது?" என்றாளாம் இவள்.

இப்போது அவன், "பொண்டாட்டியைக் கூப்பிடத்தான் போனேன், அந்தம்மாதான் என்னை அடிச்சாங்க, கத்தி என்னோடதே இல்லை" என்று சாதிக்கிறான். ஓடியவர்கள் யாரும் எதையும் பார்க்கவில்லையாம். வாட்ச்மேன் வந்ததோ எல்லாம் முடிந்த பிறகு. அந்தப் பெண்ணுக்கோ நடுக்கத்தில் வாயே திறக்க வரவில்லை. மிச்சமிருப்பது அம்மாவின் வாய்ச்சொல் ஒன்றுதான். திங்கட்கிழமை கோர்ட்.

"நமக்கு எதுக்கும்மா இந்த வம்பு, போகாதே" என்று நீ சொன்னதிலிருந்து அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கத்திக்கு அசராதவள் உன் ஒரு வார்த்தைக்கு ஆடிப்போயிருக்கிறாள். பயம் எனக்கும் இருக்கிறது, மறைக்கவில்லை. ஆனாலும் அவளைக் கூப்பிட்டு, "போயிட்டு வாம்மா" என்று சொல். நான் கூடவே போகிறேன்.

கண்காணாத ஊரில் தனியாக வேலைக்குப் போய் வருகிறாய். உன் பக்கத்திலும் உன் அம்மாவைப் போல ஒருத்தி நின்று வேலை பார்க்க வேண்டும். தினமும் நான் வேண்டிக்கொள்வது அது ஒன்றைத்தான்.

இப்படிக்கு,
உன் அப்பா