நட்டைத் தளர்த்தச் சொன்னவன்

அண்ணா,

இன்று காலை நம் பயிற்சி நிலையத்தில் அந்த மிஷினின் உறையைப் பிரித்தேன். எண்ணெய் வாடை அடித்ததுமே உங்கள் சட்டைதான் நினைவுக்கு வந்தது. நீங்கள் இறந்த பிறகு அதை யாரும் தொடவில்லை.

ஏசியைக் கழற்றும்முன் உள்ளே இருக்கும் கேஸை இழுத்துச் சிலிண்டரில் அடைக்கும் மிஷின் அது. நீங்களும் நானும் ஒரே பிரிவில் பாடம் எடுத்தாலும், அது உங்கள் வகுப்பில் மட்டும்தான் ஓடும். என் வகுப்பில் கேஸ் குழாயின் நட்டைத் தளர்த்திவிடுவோம். உஸ்ஸென்று கேஸ் வெளியேறும்வரை டீ குடிப்போம். ஊரில் எல்லா மெக்கானிக்கும் அப்படித்தான் செய்தார்கள், நானும் அதையே சொல்லிக்கொடுத்தேன்.

“இது இழுத்து முடிக்கறதுக்குள்ள ரெண்டு ஏசி மாட்டீரலாமுங்ண்ணா” என்று பிள்ளைகள் முன்னால் உங்களைக் கிண்டல் செய்தேன். எல்லோரும் சிரித்தார்கள். நீங்கள் கோபப்படவில்லை. “காத்துல உட்டா காணாமப் போயிருமா சாமி? நம்ம தலைக்கு மேலதான் நிக்குது” என்றீர்கள். இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

இந்த வருடம் அதே மிஷினைக் கட்டாயப் பாடமாக்கிவிட்டார்கள். போதாதற்கு, புதிய ஏசிகளில் வரும் கேஸ் தீப்பிடித்து எரியக்கூடியது. பாடத்தைத் தயார் செய்துகொண்டிருந்தபோதுதான் சுகந்தி போன் செய்தாள். திருச்செங்கோட்டில் ஒரு ஏசி மெக்கானிக் கடைக்குப் பயிற்சிக்கு அனுப்பிய பெண்.

“சார், ஓனரு நட்டைத் தளர்த்தி உடச் சொல்றாருங்க. புது மாடல் ஏசிங்க, சன்னலே இல்லாத ரூமுங்க. பைப்பச் சூடாக்கிக் கழட்ட டார்ச்சும் பத்த வெக்கோணும்ங்கறாரு. வேண்டாங்கன்னா, உங்க சார்தான் எனக்கே இப்படிச் சொல்லிக்குடுத்தாருங்கறாருங்க.”

போனை ஓனரிடம் கொடுக்கச் சொன்னேன். பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முன் என் வகுப்பில் முன்வரிசையில் இருந்தவன்.

“வணக்கமுங்க சார். பத்து நிமிச வேலைங்க.”

“நட்டுல கை வெக்காத கண்ணு. டார்ச்ச வெளிய கொண்டுபோயி வெச்சிரு. நான் சொல்லிக்குடுத்தது தப்பு.”

“சரிங்க சார், நிறுத்தீட்டனுங்க” என்றான். பிறகு சாதாரணமாகக் கேட்டான்: “எங்க செட்டுப் பசங்களுக்கெல்லாம் சொல்லீட்டீங்களா சார்?”

மிஷினை பஸ்ஸில் ஏற்றி அந்தக் கடைக்கு அனுப்பிவிட்டேன். சாப்பிடப் பிடிக்கவில்லை. பழைய வருகைப் பதிவேடுகளை எடுத்துவைத்து ஒவ்வொருவராகக் கூப்பிடுகிறேன். சிலர் “அப்படிங்களா சார்” என்று கவனமாகக் கேட்டுக்கொள்கிறார்கள். ஒருவன் சிரித்தான், நான் உங்களைப் பார்த்துச் சிரித்த மாதிரியே. அவனுக்கு மறுபடி போன் செய்து முழுதாகச் சொன்னேன்.

நான்கு பேருடைய எண் மாறிவிட்டது அண்ணா. அவர்கள் இன்று எந்த ஊரில், எந்த அறையில் வேலை செய்கிறார்கள் என்று தெரியவில்லை. நான் சொன்னபடியே செய்துகொண்டிருப்பார்கள்.