பழைய போனில் சொன்ன பெயர்

துடியலூர்,
ஆடி, ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள அம்மணி ஷ்ரவ்யாவுக்கு,

உன் நைனா எழுதிக்கொள்வது. காரமடை அரங்கநாதர் புண்ணியத்தில் நானும் உன் அம்மாவும் இங்கே நன்றாக இருக்கிறோம், என் இடது முழங்கால் மட்டும் எங்களோடு சேராமல் தனியாக முனகிக்கொண்டிருக்கிறது. அந்த ஊர்த் தண்ணீரும் காற்றும் ஒத்துக்கொண்டு நீயும் மாப்பிள்ளை சசிதரும் நம் குட்டி தேஜாவும் சுகமாக இருக்க வேண்டும், அதைத்தான் தினமும் கேட்டுக்கொள்கிறோம். குட்டிக்குப் பெயர் வைத்த அன்றைக்கு இங்கே நடந்த கூத்து உனக்குத் தெரியாது, போனில் சொன்னால் நீ சிரிக்கிற சிரிப்பில் குட்டி விழித்துக்கொள்ளும், அதனால்தான் எழுதுகிறேன்.

குட்டியின் காதில் முதலில் நான்தான் பெயரைச் சொல்ல வேண்டும், விசா கிடைக்காவிட்டால் போன் வழியாகவாவது சொல்ல வேண்டும் என்று நீ பிடிவாதமாக இருந்தாய் அல்லவா, அதற்குச் சரியாக ஒரு வாரம் முன்னால் நாம் வீடியோவில் பேசுகிற ஆப், இனி இந்தப் பழைய போனில் ஓடமாட்டேன் என்று சொல்லிவிட்டது. மாப்பிள்ளை புதுப் போன் அனுப்புகிறேன் என்றபோது நான்தான் வேண்டாம் என்றேன். எட்டாம் வகுப்பைத் தாண்டவே தலைகீழாக நின்றவன் நான், இந்தப் போனைப் படித்து முடித்ததுதான் என் வாழ்க்கையில் வாங்கிய பட்டம், மறுபடியும் ஒண்ணாம் வகுப்பில் போய் உட்காரத் தெம்பில்லை. மாடியில் குடியிருக்கிற பிந்து, வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற பெண், அவள்தான் போனை வாங்கிப் பார்த்துவிட்டு, "போன்ல கோளாறு ஒண்ணும் இல்லீங்க மாமா, கம்பெனிக்காரங்க இதுக்குப் புது சாஃப்ட்வேர் குடுக்கறத நிறுத்திப்போட்டாங்க, இந்த மாதிரி பழைய போனுக்குன்னே செஞ்சு சும்மா குடுக்கற ஆளுங்க வெளிநாட்டுல இருக்காங்க, அதை ஏத்திப் பாக்கலாமுங்க" என்றாள். சரியாக ஏறாவிட்டால் போன் எதற்கும் உதவாத செங்கல் மாதிரி ஆகிவிடும் என்றும் சொன்னாள். மில்லில் நூல் நூற்கிற பழைய ரிங் ஃபிரேமுக்குப் புது மோட்டார் மாட்டி ஓட்டியவன்தானே நான், ஆகட்டும் என்றேன். போட்டோவையெல்லாம் அவள் கம்ப்யூட்டரில் பத்திரப்படுத்திவிட்டு ஒயரை மாட்டினாள், நான் சன்னதியில் நிற்கிற மாதிரி கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அரை மணி நேரத்தில் போன் புது முகத்தோடு எழுந்தது, நம் ஆப்பும் ஓடியது.

புது சாஃப்ட்வேருக்கு இந்தப் போனில் இடம் இறுக்கம், பேசுகிற ஆப்பைத் தவிர வேறு எதையும் ஏற்றக் கூடாது என்று பிந்து கண்டிப்பாகச் சொன்னாள். அதற்கும் ஆகட்டும் என்றேன். யார் எதைச் சொன்னாலும் ஆகட்டும் என்பதுதான் என் வியாதி என்று உனக்குத் தெரியுமே. மறுநாள் காலை நடைக்குப் போனால் கூட நடக்கிற திருமலைசாமி, "ஏனுங்க, போன் புதுசாயிருச்சாமா, அப்ப நம்ம பஞ்சாங்க ஆப்பையும் போட்டுக்கோங்க" என்கிறார், முகத்துக்கு நேரே எப்படி வேண்டாம் என்பது? ஒருவர் காலடியை எண்ணுகிற ஆப் கொடுத்தார், இன்னொருவர் தேங்காய் விலை பார்க்கிற ஆப் கொடுத்தார். போதாததற்கு ஒவ்வொரு ஆப்பும், உள்ளே வரட்டுமா, கேமராவைப் பார்க்கட்டுமா என்று மரியாதையாக அனுமதி வேறு கேட்கிறது. அத்தனை மரியாதையாகக் கேட்கிறவரை வாசலோடு திருப்பி அனுப்பி நமக்குப் பழக்கமா, எல்லோரையும் உள்ளே விட்டுவிட்டேன்.

பெயர் வைக்கிற அன்று சாயங்காலம், அங்கே நீங்கள் குட்டியைத் தொட்டிலிலிருந்து எடுக்கிற நேரத்துக்கு, என் போன் தோசைக்கல் மாதிரி சுட்டது, தொட்டால் அசையவில்லை. பிந்து ஆபீஸ் வேலையாக பெங்களூர் போயிருந்தாள், திருமலைசாமி கூட்டமோ அந்தியூர் குதிரைச் சந்தைக்குப் போய்விட்டது. உன் அம்மா தன் பட்டன் போனில் பிந்துவைப் பிடித்துக் காதில் இடுக்கிக்கொண்டு, என் கையிலிருந்த போனைப் பிடுங்கி, அவள் சொல்லச் சொல்ல ஒவ்வொரு ஆப்பாகத் தூக்கி எறிந்தாள். எறிகிறபோதெல்லாம் எனக்கு அர்ச்சனை. "ஏனுங்க, இருக்கறது ஒத்தத் தென்னை, அதுக்கு வெல பாக்க ஒரு ஆப்புங்களா? டீக்கடை வரைக்கும் நடக்கற நடைக்கு எண்ணிக்கை வேற!" என்றாள்.

ஒரு வழியாக நீ திரையில் வந்தாய். மாப்பிள்ளை பாதிக் கண்ணை மூடின கோலத்தில் படம் அப்படியே நின்றுவிட்டது, உன் குரலும் விட்டுவிட்டு வந்தது. பிந்து பட்டன் போனிலிருந்து, "மாமா, படம் குரல் ரெண்டையும் போன் தாங்காதுங்க, ரெண்டு பக்கமும் படத்தை நிறுத்திப்போட்டா குரலாவது போகுமுங்க" என்றாள். குட்டியைப் பார்ப்பதற்கென்றே பட்டுச் சேலை கட்டிக்கொண்டு பக்கத்தில் நிற்கிற உன் அம்மாவை நான் எப்படிப் பார்ப்பேன், சொல்லு. அவள்தான், "படத்த அணைச்சுப்போடுங்க, மூஞ்சிய போட்டோவுல பாத்துக்கலாம், பேரு போட்டோவுல போகாது" என்றாள்.

நீயும் நாங்களும் படத்தை அணைத்தோம். காதருகே வைத்துவிட்டேன் நைனா, சொல்லுங்கள் என்று நீ சொன்னது தெளிவாகக் கேட்டது. கறுப்புக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு மூன்று தரம் சொன்னேன். அதற்கப்புறம் அங்கே நீங்களெல்லாம் பேச்சில் இருந்தீர்கள், குட்டியின் பக்கத்திலிருந்து போனை எடுக்க மறந்துவிட்டீர்கள். அந்த நேரம் முழுக்கக் குட்டியின் மூச்சு எங்களுக்குக் கேட்டது கண்ணு, நடுவில் ஒரு சின்னத் தும்மல் வேறு. உன் அம்மா என் தலையோடு தலையை ஒட்டிக்கொண்டு கேட்டாள், சேலை கசங்குவதைக்கூடப் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை காரமடை போனோம். பிந்து பெயருக்கு அர்ச்சனை செய்துவிட்டு, இந்தப் பழைய போனுக்காகச் சும்மா உழைத்த அந்த வெளிநாட்டு ஆட்களுக்கும் ஒரு தட்டுக் கொடுத்தேன். அர்ச்சகர் பெயர், நட்சத்திரம் கேட்டார். எதுவும் தெரியாது, ஆனால் எங்களுக்கு ரொம்ப வேண்டியவர்கள், சாமி பெயருக்கே செய்துவிடுங்கள் என்றேன்.

தனிப் பார்சலில் குட்டிக்குச் சென்னிமலைப் போர்வையும் உனக்கு லேகியமும் வருகிறது, லேகியத்தை மாப்பிள்ளை தின்னாமல் பார்த்துக்கொள். அரங்கநாதர் துணையில் மூன்று பேரும் நோய்நொடியில்லாமல் நிறைவாக இருக்க எங்கள் ஆசீர்வாதம்.

ஒன்று மட்டும் மறக்காதே. அடுத்த தரம் கூப்பிடும்போது முதலில் போனைக் கொஞ்ச நேரம் குட்டியின் பக்கத்தில் சும்மா வை, யாரும் பேச வேண்டாம். படத்தை அப்புறம் போட்டுக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
உன் நைனா
வேங்கடசாமி