எட்டு மணி மாத்திரை

மார்ச் 4

காலை எட்டு மணிக்கு மகன் வீடியோவில் வந்தான். "போட்டாச்சாம்மா?" மாத்திரையைக் காட்டி, விழுங்கி, வாயைத் திறந்தும் காட்டினேன். "சரி, வைக்கிறேன்." அவன் அப்பா இறந்து நான் இடிந்துபோனதிலிருந்து எங்களுக்குள் பேச்சு இவ்வளவுதான். சின்ன வயதில் மருந்தென்றால் கட்டிலுக்கடியில் ஒளிந்தவன், இன்று எனக்கு வாத்தியார்!

வேலைக்குப் போய்த் திரும்பினால், அப்புறம் இந்த வீட்டில் நான் மட்டும்தான்.

மார்ச் 9

நான் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையில் மதியச் சாப்பாடு. லென்ஸ் தேய்ப்பவரின் டப்பாவில் சோற்றைவிட மாத்திரைதான் அதிகம். தூங்க ஒன்று, எழுந்திருக்க ஒன்று. பில் போடும் பெண்ணை முதலாளி திட்டிவிட்டார். அழுத கண்ணோடு வந்து உட்கார்ந்தாள். "அக்கா, உங்க மாத்திரைல பாதி இருக்கா?" என்றாள், உப்புக் கேட்பதுபோல. கொடுக்கவில்லை. ஏன் அழுதாய் என்றும் கேட்கவில்லை. இங்கே யாரும் கேட்பதில்லை.

மார்ச் 15

டாக்டரம்மா சிரித்தார். "கொஞ்சம் கொஞ்சமா குறைச்சாச்சு. நல்லா இருக்கீங்க. இனிமே மாத்திரை வேண்டாம்."

சந்தோஷப்பட வேண்டியவள், வெளியே வந்து படியில் உட்கார்ந்துவிட்டேன். மாத்திரை இல்லையென்றால் அவன் என்னை எதற்குக் கூப்பிடுவான்?

மார்ச் 16

புதினா மிட்டாய். வெள்ளை, வட்டம். காட்டினேன், விழுங்கினேன். நம்பிவிட்டான். இந்த வயதில் இது எனக்குத் தேவையா?

மார்ச் 23

அதே மிட்டாய். அதே "சரி, வைக்கிறேன்."

ஏப்ரல் 2

பழக்க தோஷம், கடித்துத் தொலைத்தேன். கடக்கென்று சத்தம்.

"மாத்திரையையா கடிச்சே?"

பொய் வரவில்லை. "மிட்டாய்டா. டாக்டர் நிறுத்தச் சொல்லிட்டாங்க. சொன்னா நீ கூப்பிட மாட்டேன்னு…"

கத்துவான் என்று நினைத்தேன். போனைத் திருப்பினான். அவன் சமையல் மேடையில் ஒரு மாத்திரை அட்டை. பாதிக்கு மேல் காலி.

"நீ போடறப்பதான்மா நானும் போடுவேன். உனக்குத் தெரியாம."

"எதுக்குடா?"

"எழுந்து ஆபீஸ் போகத்தான்."

"எந்த டாக்டர் கொடுத்தார்?"

"ஆபீஸ்ல ஒருத்தன் கொடுத்தான். இப்ப நானே வாங்கிக்கிறேன்."

வைத்துவிட்டான்.

தினமும் அவன் முகத்தைப் பார்த்தேனே — என்னத்தைப் பார்த்தேன்? என் மாத்திரை அவனுக்குச் சரியாகத் தெரிகிறதா என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ எப்படிடா இருக்கே என்று ஒரு நாள் கேட்டிருப்பேனா?

ஏப்ரல் 3

எட்டு மணி. போன் வரவில்லை.

ஏப்ரல் 4

நானே கூப்பிட்டேன். எடுக்கவில்லை. மறுபடியும். எடுக்கவில்லை. ஐயோ, எடுடா.

லீவு கேட்டேன். முதலாளி முறைத்தார். முறைக்கட்டும். அவன் ஊருக்கு பஸ் ஏறிவிட்டேன்.

ஏப்ரல் 5

கதவைத் திறந்தவன் இளைத்துப் பாதியாகியிருந்தான். போனில் முகம் மட்டும்தானே தெரியும்! "எதுக்கும்மா வந்தே?" என்றான். ஆனால் பையை வாங்கிக்கொண்டான். இரண்டு பேரும் என்ன பேசுவதென்று தெரியாமல் டிவி பார்த்தோம்.

ஏப்ரல் 7

அவன் ஊரில் ஒரு டாக்டரைப் பார்க்கப் போனோம். வரமாட்டேன் என்று இரண்டு நாள் சண்டை போட்டவன், சட்டையை மாட்டிக்கொண்டு தானே முன்னால் நடந்தான். அட்டையும் அவன் பையில் இருந்தது, டாக்டரிடம் காட்ட.

நல்ல கூட்டம். நாற்காலியில் உட்கார்ந்தபடியே என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டான். வாய் லேசாகத் திறந்திருந்தது. எங்கள் முறை வந்தது. நர்ஸ் பெயரைக் கூப்பிட்டார்.

அடுத்தவரை அனுப்பச் சொல்லிக் கையைக் காட்டினேன்.