கேட்டில் நிற்கும் கோபிநாத்

அன்புள்ள ஆனந்தமேரிக்கு,

மாதா புண்ணியத்தில் நான் சௌக்கியம். உன் முட்டிவலி தேவலையா? இதை யாரும் எழுதித் தரவில்லை, நானே எழுதுகிறேன்!

நம்ம புதுச்சேரி மேட்டுப்பாளையம் கம்பெனியில் எல்லார் முன்னாலும் என்னைக் கைநாட்டு என்று கூப்பிட்டுச் சிரித்த சூப்பர்வைசர் கோபிநாத், குளிர்கால லீவுக்குக் குடும்பத்தோடு இந்தக் காட்டு விடுதிக்கு வந்தார். வருகிறவர்கள், போகிறவர்கள் பெயரை வாட்ச்மேன் நான்தான் நோட்டில் எழுத வேண்டும். ஆறு பேரையும் ஒவ்வொரு எழுத்தாக எழுதினேன். புதுச்சேரி உடம்பு, பனியில் வெடவெடத்தது.

“சீக்கிரம் எழுதுய்யா!”

“கைநாட்டுன்னா நொடியில முடிஞ்சிருக்கும் சார்.”

அவர் சம்சாரமே சிரித்துவிட்டது.

எனக்கொரு கம்பளிச் சட்டை அனுப்பு. இங்கே பேச்சுத்துணை இல்லை, பதில் போடு.

இன்று ஊருக்குக் கிளம்புகிறார்கள். கேட்டில் நின்று ஹாரன் அடிக்கிறார். அடிக்கட்டும். இந்தக் கடிதத்தை முடித்துவிட்டுத்தான் நோட்டை எடுப்பேன்.

உன் அல்போன்ஸ்