முதுகுத் தகடு

மார்ச் 3, திங்கள்
வேலை முடிந்து ஸ்டோர்ஸிலிருந்து வந்தபோது கட்டிலுக்கு அடியில் ஓர் அட்டைப்பெட்டி. என்ன என்று கேட்டேன். ‘ஷூ’ என்றார் என் வீட்டுக்காரர். ஷூ இவ்வளவு கனக்குமா? கூட்டும் சாக்கில் நகர்த்திப் பார்த்துவிட்டேன். மாதக் கடைசியில் ஆப்பிரிக்கா போகிறார், ஏதோ தங்கச் சுரங்கத்தில் காவல் வேலை. ‘நம்ம மைன்ஸ் கேட்டுல நிக்கிற மாதிரிதான்’ என்றுதான் என்னிடம் சொல்லியிருக்கிறார். அந்த வேலைக்கு ஒளித்து வைக்க என்ன இருக்கிறது?

மார்ச் 5, விபூதிப் புதன்
கோயிலிலிருந்து வந்ததும் அவரே பெட்டியைத் திறந்து காட்டினார். இரண்டு தகடுகள், முன்னுக்கு ஒன்று, முதுகுக்கு ஒன்று. குண்டு துளைக்காதாம். அவற்றைச் செருகிப் போட்டுக்கொள்ளும் சட்டைக்குப் பிளேட் கேரியர் என்று பெயர். சட்டையைக் கம்பெனி கொடுக்கும், தகடு நம் பொறுப்பாம்.
‘இரும்பு வேணாம்னுட்டேன். நாளெல்லாம் சுமக்க முடியாது, குண்டு பட்டா தூள் சிதறி கழுத்துல அடிக்கும். இது செராமிக். கீழ மட்டும் போட்டுடாத மெர்லின், உள்ளுக்குள்ள விரிசல் வுட்டுச்சுன்னா ஒண்ணுத்துக்கும் ஆவாது.’
‘கேட்டுல நிக்கிறவருக்கு குண்டு எங்கேருந்து வருது?’
நெற்றியில் சாம்பலோடு பெட்டியை மூடி மறுபடி கட்டிலுக்கு அடியில் தள்ளினார்.

மார்ச் 8, சனி
கம்பெனி சட்டை வந்துவிட்டது, போட்டுப் பார்த்தோம். தொப்பை மேல் தொங்கவிட்டுக்கொண்டு நிற்கிறார்! தகட்டின் மேல்விளிம்பு தொண்டைக்குழிக்கு நேராக வர வேண்டும், நெஞ்சும் நுரையீரலும்தான் மறைய வேண்டும், வயிறு அல்ல என்று தகட்டோடு வந்த தாளிலேயே படம் போட்டிருக்கிறது. தோள்பட்டையைத் தூக்கித் தைத்தேன். ஜாக்கெட் தைத்த கை, பழக்கத்தில் கொஞ்சம் லூஸ் விட்டுவிட்டது. ‘இதுல லூஸே கூடாது’ என்று பிரிக்க வைத்தார்.
போக வேண்டாம் என்று வாய்வரை வந்தது. சொல்லவில்லை. மைன்ஸில் நான் பெர்மனென்ட், அவர் கான்ட்ராக்ட். குவார்ட்டர்ஸ் என் பெயரில். அதை அவர் ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. சொல்லாததுதான் எனக்குப் பயம்.

மார்ச் 11, செவ்வாய்
சட்டையைத் தூக்கி ஆணியில் மாட்டினேன். முதுகுப் பக்கம் மட்டும் வளைந்து கொடுத்தது, என்னவோ சரியில்லை.

மார்ச் 12, புதன்
அவர் ஷிஃப்டுக்குப் போனதும் முதுகுப் பக்கத்துப் பையைப் பிரித்தேன்.
தகடு இல்லை. கன்வேயர் பெல்ட், மைன்ஸில் கரி ஏற்றிப் போகுமே அது! தகட்டின் அளவுக்கே வெட்டின கறுப்பு ரப்பர் துண்டு, ஓரத்தில் கம்பி முனைகள் நீட்டிக்கொண்டு. கொல்லைக்கு ஓடினேன். துணி துவைக்கிற கல்லுக்கு அடியில் விரித்திருந்த பழைய பெல்ட்டில் ஒரு மூலையைக் காணோம்.
நெய்வேலியில் பிறந்தவளிடம் பெல்ட் துண்டைக் காட்டி ஏமாற்றப் பார்க்கிறாரே! வீட்டுக்கு வீடு வாசல் மிதியடி அதுதான், சாக்கடை மூடி அதுதான். வேறு ஊர்க்காரி என்றால் ஏமாந்திருப்பாள்.
நிஜத் தகடு எங்கே? விற்றுவிட்டாரா? யாரிடம் போனது? என்னிடம் எதற்கு மறைக்க வேண்டும்?

மார்ச் 14, வெள்ளி
சிலுவைப்பாதை முடிந்து வரும் வழியில் சாதாரணமாகக் கேட்பதுபோல் கேட்டேன். ‘பின்னாடி இருக்கறதும் செராமிக்தானே?’
‘ஆமாம்.’
தவக்கால வெள்ளிக்கிழமையில், கோயில் தெருவைக்கூடத் தாண்டவில்லை, பொய்!
வீட்டுக்கு வந்ததும் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். ஜன்னலோரம் நின்று கேட்டேன். ‘நீயே வச்சுக்க. யாராண்டயும் சொல்லிக்கினு இருக்காத.’ எவளிடம் பேசுகிறார்?

மார்ச் 16, ஞாயிறு
பக்கத்து ஊர் வடக்குத்திலிருந்து இசைப்பிரியா வந்தாள். அவள் புருஷன் தமிழ்மாறன் இவரோடு அதே கேட்டில் கான்ட்ராக்டில் நிற்கிறவன், ஆப்பிரிக்காவுக்கும் சேர்ந்தே போகிறான். துணிப்பையிலிருந்து ஒரு தகட்டை எடுத்து மேசைமேல் வைத்தாள்.
‘அக்கா, இதுக்கு ஒரு பை தச்சுக் குடுங்க. எங்கூட்டுக்காரரு சட்டையில வச்சா ஆடிக்கினே கெடக்குது. சைமன் அண்ணன்தான் குடுத்தாரு. அவருக்கு மூணு வந்துச்சாமே, ஒண்ணு மிச்சமாமே.’
மூன்று வந்ததாம்! வந்தது இரண்டு, இவர் முதுகுத் தகடுதான் இது.
‘முன்னாடி வைக்கவா, பின்னாடியா?’ தகட்டைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே கேட்டேன்.
‘முன்னாடிதாங்க்கா. இது ஒண்ணுதான இருக்குது. எங்க வூட்ல இதுவும் வாங்க முடியாம இருந்துச்சு.’
நாளைக்கு வா என்று அனுப்பினேன். அவள் தெருமுனை திரும்புவதற்குள் பெல்ட் துண்டை உருவிவிட்டு, தகட்டை இவர் சட்டையின் பின்பைக்குள் தள்ளிவிட்டேன். இம்மி பிசகாமல் உட்கார்ந்தது. இது என் புருஷன் முதுகு. கைதவறி விழுந்து விரிசல் விட்டுவிட்டது என்று சொன்னால் நம்புவாள், ஒரு கேள்வி கேட்கமாட்டாள். ஆண்டவரே, அந்தப் பொய்யை வாய்விட்டே இரண்டு முறை சொல்லிப் பார்த்தேன்.

மார்ச் 17, திங்கள்
தகட்டை இவர் சட்டையிலிருந்து எடுத்து, அவள் கேட்ட பைக்கு இரட்டைத் தையல் போட்டேன். இசைப்பிரியா வாங்கிக்கொண்டு போனாள். அது மிச்சத் தகடு இல்லை என்று அவளிடம் சொல்லவில்லை.
இவர் வந்ததும் பெல்ட் துண்டை எடுத்துக் கையில் கொடுத்தேன். ‘குண்டையும் தடுக்காது, வெறும் கனம். சும்மா எதுக்குச் சுமக்கணும்?’
கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். ‘அவன் ஒண்ணுமே இல்லாம கெளம்புனான் மெர்லின். பக்கத்துல நிக்கிறவன். நான் மட்டும் எப்டி ரெண்டையும் மாட்டிக்கினு நிக்கிறது?’
‘என்கிட்ட சொல்லியிருக்கலாமில்ல?’
‘சொன்னா வுடுவியா?’
விட்டிருக்கமாட்டேன். அதுதான் உண்மை. அவரைக் கட்டிக்கொண்டு சொன்னேன்: ‘எங்க நின்னாலும் முதுகு சுவர்ல இருக்கட்டும்.’ தலையாட்டினார்.

ஏப்ரல் 4, வெள்ளி
ஆப்பிரிக்காவிலிருந்து வீடியோ காலில் வந்தார். சாப்பாடு, தண்ணி எல்லாம் நன்றாக இருக்கிறதாம். நம்பவில்லை. ‘கொஞ்சம் திரும்புங்க, சட்டை பின்னாடி எப்படி உட்கார்ந்திருக்குன்னு பாக்கணும்’ என்றேன்.
‘எப்டித் திரும்புறது? நீ சொன்ன மாதிரி சுவத்துல ஒட்டிக்கினுதான நிக்கிறேன்.’
‘நானும்தான் அண்ணி!’ பக்கத்திலிருந்து தமிழ்மாறன் குரல்.
சிரித்தேன். போனை வைத்த பிறகுதான் அழுதேன்.